பலகைக்கு அடியில் ஓர் ஆள்

மரத்தில் திறப்பு வெட்டுவது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு தடவை வெட்டிப் பார்க்கட்டும். பலகையின் ஓரத்தில் ஆரம்பித்து நேராக அறுத்துக்கொண்டு போவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நட்ட நடுவில், நாலு பக்கமும் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் ஒரு சதுரத்தைக் கழற்றி எடுப்பதுதான் வேலை. சமையல் மேடையில் பாத்திரம் கழுவும் தொட்டி இறங்க, கதவில் கண்ணாடி பொருத்த, அலமாரியின் முதுகில் ஒயர் நுழைய என்று ஊருக்குத் தேவைப்படும் ஓட்டை எல்லாம் எங்கள் பட்டறையில்தான் பிறக்கும்.

அதை வெட்டுகிறவரை நாங்கள் கட்டர் அண்ணன் என்போம். நான் அவர் வெட்டிய விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவள். அவருக்குப் பக்கத்து மேசை. அவர் குடியிருக்கும் தெருவில் அவருக்கு அடுத்த வீடு. அதனால் அவரைப் பற்றிப் பேச என்னைவிட யோக்கியதை உள்ள ஆள் கிடையாது.

அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். மின்சார ரம்பத்தின் மூக்கைப் பலகையில் ஊன்றி, பிளேடை மறைக்கும் மூடியை விரலால் தூக்கிப் பிடித்து, சுழல்கிற பல்லை மெதுவாக மரத்துக்குள் இறக்குவார். அந்த நேரத்தில் ரம்பம் பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி திமிறும். கொஞ்சம் அசந்தால் எகிறி வெட்டுகிறவன் தொடையைத் தேடி வரும். அண்ணன் கையில் மட்டும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கோட்டின் மேலேயே போகும். மூலைகளைச் சின்ன ரம்பத்தால் முடிப்பார். விளிம்பில் ஒரு சிலாம்பு, ஒரு பிசிறு இருக்காது. சில நாள் எனக்குத் தேய்க்கவே வேலை இருக்காது.

அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு. மற்றவன் வெட்டியதைப் பார்த்தால், "என்னப்பா, எலி வந்து கடிச்சுட்டுப் போச்சா?" என்பார். என் வீட்டுக்காரன் என்னை விட்டுவிட்டுப் போன மாதம், எல்லார் முன்னாலும், "உன் புருஷன் போன வழி இதைவிட நேரா இருந்திருக்கும்மா" என்று ஒரு கோணல் பலகையைக் காட்டிச் சொன்னார். பட்டறையே சிரித்தது. நல்ல வேலைக்காரர், நல்ல மனுஷர் என்று சொல்ல என்னால் முடியாது.

இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பலகை இடுப்பு உயரத் தாங்கிகளின் மேல் கிடக்கும். நாலாவது பக்கத்தை அறுத்து முடிக்கும் நேரத்தில் நடுத்துண்டு கழன்று விழும். விழும்போது மூலையைப் பிய்த்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் சாய்ந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். அதனால் பலகைக்கு அடியில் ஒருவன் உட்கார்ந்து, நடுத்துண்டை இரண்டு கையாலும் மேல்நோக்கித் தாங்க வேண்டும். பிளேடின் பல் பலகையைத் தாண்டிக் கீழேயும் எட்டிப் பார்க்கும். தாங்குகிறவன் தலைக்கு மேல், அவன் விரல்களைச் சுற்றி, அது ஒரு வட்டம் போய்விட்டு வரும். கை நடுவில் இருக்கிற வரைக்கும் பயமில்லை. நழுவினால் "நிறுத்து" என்று கத்த வேண்டும், மேலே இருப்பவர் நிறுத்த வேண்டும்.

மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து நாலு ஸ்க்ரூ முடுக்கிவிட்டால் துண்டு தானாக நிற்கும், அடியில் ஆளே வேண்டாம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கழற்றிய துண்டை முதலாளி சின்ன மேசைகளுக்கு மேல்பலகையாக்கி விற்பார். ஸ்க்ரூ ஓட்டை விழுந்தால் அதை யார் வாங்குவார்கள்? பலகையில் ஓட்டை விழக் கூடாது, ஆளில் விழுந்தால் பரவாயில்லை. அதுதான் எங்கள் பட்டறை நியாயம்.

அடியில் உட்கார்ந்தவன் அண்ணனுடைய மச்சினன், அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. அண்ணன் "மச்சான்" என்று கூப்பிடப்போய், பட்டறைக்கே அவன் மச்சான் ஆகிவிட்டான். முப்பது தாண்டியும் கல்யாணம் இல்லாமல், அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலை ஆக்கிரமித்துக்கொண்டு கிடந்த தடிமாடு.

இதில் ஒரு சங்கதி இருந்தது. அண்ணனுக்குக் காது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. ரம்பத்தின் இரைச்சல் வருஷக்கணக்காக உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் போன் மணி போனது, அப்புறம் கதவு தட்டுகிற சத்தம், அப்புறம் பெண்டாட்டி பேச்சு. கடைசியாகச் சொன்னதை அவர் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். பட்டறையில் எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கத்திக் கத்தித்தான் பேசுவோம். ஒருவன் சொன்னது இன்னொருவனுக்குக் கேட்காததெல்லாம் அங்கே அதிசயமே இல்லை. அதனால் வேலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் முதலாளிக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முன்பு ரம்பத்தில் நின்ற ஒருவருக்குக் காது மந்தம் என்று தெரிந்த அன்றே முதலாளி அவரைப் பின்கொட்டகைக்கு அனுப்பி, மரத்தூளை மூட்டை கட்டச் சொன்னார். அந்த மனுஷர் தும்மித் தும்மியே வேலையை விட்டு ஓடினார். கட்டர் அண்ணனுக்கு அந்தக் கொட்டகையை நினைத்தாலே முகம் வெளுத்துவிடும். ரம்பத்தில் நிற்கிற வரைக்கும்தான் அவர் அண்ணன். மூட்டை கட்டப் போனால் யாரோ ஒரு கிழவன். எலி கடித்த கதை எல்லாம் அப்புறம் அவரைப் பார்த்துத் திரும்பும்.

அதற்காக மாமாவும் மச்சானுமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வெட்டும்போது அண்ணன் இடது உள்ளங்கையைப் பலகையில் விரித்து வைத்திருப்பார். மச்சான் கீழேயிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து விரல் முட்டியால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. ரம்பம் ஓடும்போது பலகை முழுக்க அதிரும், அந்த அதிர்வுக்குள் அந்த ஒரு தட்டை அவர் உள்ளங்கை எப்படிப் பிரித்தெடுக்கும் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் பிரித்தெடுத்தது. காது போன மனுஷர் தினமும் வெட்டினார், ஒரு பலகைகூடக் கெடவில்லை.

மச்சானுக்கு அன்றிலிருந்து ராஜயோகம். டிபன் டப்பாவைத் திறந்து முதலில் அவன் எடுத்துக்கொள்வான், மிச்சம்தான் அண்ணனுக்கு. அண்ணனின் பைக் அவன் பைக் ஆனது, அண்ணன் நடந்து வந்தார். இதெல்லாம் போதாது என்று ஒரு விளையாட்டு வேறு கண்டுபிடித்தான். முகத்தில் பாசம் சொட்டச் சொட்ட, தோளில் கை போட்டுக்கொண்டு, "மாமா, நீங்க எப்ப மாமா சாவீங்க? இந்த மாசம் முடியுமா?" என்று கேட்பான். அண்ணனும் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி, "சரி மச்சான், சரி" என்பார். பட்டறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். என் புருஷனை வைத்து அவர் சிரிப்பு மூட்டிய நாள் எனக்கு மறக்கவில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். நடுச்சுவர் மெல்லியது, எனக்கு எல்லாம் கேட்கும். அண்ணி சோறு போடும்போது தம்பி ஒன்று சொல்வான், அவள் ஒன்று சொல்வாள். "கொட்டிக்கோ, கல்லுமாதிரி உக்காந்துக்கிட்டு. உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தக் கண்டேன்?" என்று தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டே பரிமாறுவாள். ஒரு நாள் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அவரும் இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார்.

ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். வாடிக்கையாளர் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டும் இவர் திரும்பவில்லை என்று முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை ரம்பம் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து முதலாளி பூனை நடை நடந்து அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"யோவ், உன் வீடு பத்திக்கிட்டு எரியுதாம்யா!"

எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே நிறுத்தினோம். அண்ணன் இடது கையைப் பலகையில் ஊன்றிக் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் பலகைக்கு அடியில் இருந்த மச்சான் ஒரு தட்டு தட்டினான். அண்ணன் நிமிர்ந்தார், திரும்பினார், முதலாளியின் குறும்பு முகத்தைப் பார்த்தார்.

"சும்மா வெளையாடாதீங்க மொதலாளி" என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே போய்விட்டார். அண்ணனின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அன்று சாயங்காலம் மச்சான் விலையைச் சொன்னான். காதருகே கத்தியும் கையால் காட்டியும் சொன்னதால் எங்களுக்கும் கேட்டது. "மாமா, நான் மேல வரேன். நீங்க அடியில உக்காருங்க. வயசாச்சுல்ல?"

பைக்கைக் கொடுத்தவர், கட்டிலைக் கொடுத்தவர், சோற்றைக் கொடுத்தவர், இதற்கு மட்டும் மசியவில்லை. ரம்பத்தை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "அது மட்டும் கேக்காத மச்சான்" என்றார். மச்சான் அவர் கன்னத்தைத் தட்டி, "பாப்போம், பாப்போம். நான் வாயத் தொறந்தா நீ கொட்டாயில" என்று சிரித்தான். ஒவ்வொரு நாளும் அதையே ராகம் போட்டுச் சொன்னான். அண்ணன் காலையில் வந்ததும் முதலில் முதலாளி அறைப் பக்கம்தான் பார்ப்பார்.

அப்புறம் அந்தப் பெரிய பலகை வந்தது. விடுதி ஒன்றின் சமையற்கூடத்துக்கு, இரட்டைத் தொட்டி இறங்கும் நீளத் திறப்பு. கெட்டி மரம், நாலு பேர் தூக்கி வைத்தோம். அதன் நடுத்துண்டு மட்டுமே ஒரு ஆள் கனம் இருக்கும். மச்சான் அடியில் உட்கார்ந்து கையை மேலே கொடுத்தான். மூன்று பக்கம் சுத்தமாக முடிந்தது. நாலாவது பக்கம் பாதி போனதும் துண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதைப் பிடிக்க அவன் ஒரு கையை வெட்டு முடிகிற மூலைக்குக் கொண்டுபோனான். சாய்ந்த துண்டுக்கும் பலகைக்கும் நடுவில் அந்தக் கை சிக்கிக்கொண்டது. இன்னொரு கையில் மொத்தக் கனமும் இறங்கியிருந்தது. அதை எடுத்தால் மரம் முகத்தில் விழும்.

தட்டுவதற்குக் கை இல்லை. மச்சான் கத்தினான்.

"மாமா! மாமா! நிறுத்துங்க மாமா!"

ரம்பச் சத்தத்தையும் மீறி பட்டறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது கேட்டது. அறைக்குள் இருந்த முதலாளிக்குக் கேட்டு அவர் வெளியே ஓடி வந்தார். அண்ணன் ஒரு பாட்டை மனசுக்குள் முனகுகிறவர் மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வழக்கம்போல நேராக அறுத்துக்கொண்டு போனார். நான் எழுந்து ஓடி அவர் தோளைப் பிடித்து இழுத்தபோது வெட்டு முடிந்திருந்தது. பலகைக்குக் கீழே பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

மூன்று விரல்கள். வலது கை. மரத்தூளில் தேடி எடுத்து ஒரு டிபன் டப்பாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தலையால் முட்டியிருக்கலாமே, முழங்காலால் உதைத்திருக்கலாமே என்று பிறகு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அந்த ரகசியத்தை வைத்து அத்தனை நாள் சாப்பிட்டவன் அவன், ஆனாலும் உயிர் போகிற நேரத்தில் அவனுக்கே அது மறந்துபோனது. யாருக்கும் முதலில் வருவது வாய்தான்.

அண்ணனைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். முதலாளி கையை நீட்டிக் காட்டினார், அவர் போனார், அவ்வளவுதான். அங்கே மூட்டை கட்டிக்கொண்டு மூக்கு வழிய உட்கார்ந்திருந்தார். சிலர் போய் எட்டிப் பார்த்து, "அண்ணே, கட்டுனது நேரா இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. அவர்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வேறு ஒருவனை ரம்பத்தில் நிறுத்தினார். அவன் முதல் பலகையில் மூலையைத் தாண்டி அறுத்தான், இரண்டாவதில் மேல்தோலைப் பிய்த்தான். விடுதி வேலையில் இன்னும் வரிசையாகப் பலகைகள் காத்திருந்தன. அன்று மத்தியானம் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைக் கொட்டகையிலிருந்து கூட்டிவரச் சொன்னார். எல்லாரையும் சுற்றி நிற்கவைத்தார்.

"வெட்டுறதுக்குக் காது எதுக்கு? கை இருக்கில்ல, அது போதும். அடியில யார் உக்காருறீங்க?"

ஒருவன் செருப்பைப் பார்த்தான், ஒருவன் கூரையைப் பார்த்தான். நான்தான், "ஒரு சட்டத்தைக் குறுக்க வெச்சு ஸ்க்ரூ போட்டுட்டா ஆளே வேணாமே மொதலாளி" என்றேன்.

"அந்தத் துண்ட உங்கப்பனா வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, அவர் பென்சிலை எடுத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி அண்ணனுக்குக் காட்டினார். *கீழே யார்? ஆள் இல்லை என்றால் கொட்டகைதான்.*

அண்ணன் அதைப் படித்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரம்பம் அவருக்கு எட்டும் தூரத்தில், மேசை மேல் இருந்தது. அதைப் பார்த்தார். அப்புறம் பட்டறை அதிரும்படி உரக்கச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரி வருவா மொதலாளி."

அன்று அவர் வீட்டில் நடந்தது தெருவுக்கே கேட்டது. காது போனவருக்குக் குரலை அடக்கத் தெரியாது.

"நீ வந்தா ரம்பம். வராட்டி நான் மூட்டை கட்டுறேன், அந்தக் காசுல உன் தம்பிக்கு மருந்து வாங்குறியா, சோறு போடுறியான்னு நீயே பாத்துக்கோ!"

அண்ணி அழுதுகொண்டே என்னவோ சொன்னாள். அதற்கு அவர் போட்ட சத்தத்தில் என் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தது.

"சிரிச்சுச் சிரிச்சு என்னெல்லாம் சொன்ன! காதுதான்டி போச்சு, கண்ணு போகல! உன் வாயி அசையறதப் பாத்துப் பாத்தே நீ பேசுறது எனக்குப் பாடமா ஆயிடுச்சு. எப்ப சாவேன்னு கேட்டானே உன் தம்பி, அதுக்கும் தலையாட்டுனேன். எதுக்கு? இதுக்குத்தான்! அந்த ரம்பத்துக்குத்தான்!"

நாங்கள் சிரித்ததெல்லாம் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். பிறகு மச்சானின் குரல் கேட்டது. முன்னறைக் கட்டிலில், கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு அவன் படுத்திருந்திருப்பான்.

"போக்கா. மாமா பாத்து அறுப்பாரு. நான் கைய எடுத்துட்டுப் போனதுதான் தப்பு."

அவனுடைய கூடப்பிறந்த அக்கா. மிச்சம் இருக்கிற விரலால் சோறு அள்ளித் தின்ன வேண்டுமே, அதுதான் அவன் கவலை. எனக்கு அவன் மேல் இருந்த கொஞ்ச நஞ்ச இரக்கமும் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

அண்ணி வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் குனிந்து அவள் இரண்டு கையையும் பிடித்து நடுத்துண்டின் நட்டநடுவில் வைத்தார். ஒரு தட்டு, இரண்டு தட்டு எப்படி என்று காட்டினார். பிறகு நிமிர்ந்து ரம்பத்தைக் கையில் எடுத்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். வருத்தம் ஒரு துளி இல்லை. பசித்தவன் இலை முன்னால் உட்கார்ந்த முகம். அந்த மனுஷருக்காக நான் பாவப்பட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது.

பிளேடு இறங்கியபோது அவள் உடம்பு தூக்கிப் போட்டது. மரத்தூள் அவள் முகத்திலும் தலையிலும் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டாள், கையை மட்டும் அசைக்கவில்லை. திறப்பு வழக்கம்போலச் சுத்தமாக வந்தது. முதலாளி வந்து விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மற்றவர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது அவள் தினமும் வருகிறாள். பட்டறைக்குப் பழகிவிட்டது. முன்புபோல அண்ணன் மற்றவர்கள் பலகையைப் பார்த்து எலி கடித்ததா என்று கேட்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். அடியில் உட்காரப் போகும் முன் அவள் ஒரு பழைய புடவைக் கிழிசலை எடுத்து வாயை இறுக்கிக் கட்டிக்கொள்வாள், மூக்கை மூடாமல் வாயை மட்டும். எனக்கு அது விநோதமாகப் பட்டது. குழாயடியில் கை கழுவும்போது கேட்டேன்.

"தூசிக்குன்னா மூக்கையும் சேத்துக் கட்டணும் அண்ணி. வாய மட்டும் கட்டி என்ன பிரயோஜனம்?"

அவள் துணியை உதறி மடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"தூசிக்கு இல்ல. வாய் சும்மா இருந்தா கத்தத்தான் தோணும். கட்டிட்டா தலையால முட்டணும்னு ஞாபகம் வரும்ல."

சொல்லிவிட்டு, துணியை மறுபடி பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பலகைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.